நடைபாதையின் பழுது

நகரத் தெருக்களின் இருமருங்கிலும் மக்கள் நடந்து செல்வதற்கென்று சற்றே உயர்த்தி அமைக்கப்பட்ட வழிக்கு நடைபாதை என்பது பெயர். சென்னை மாநகர மக்கள் இதனைப் 'பிளாட்பாரம்' என்றே வழங்குகின்றனர். புகைவண்டி நிலையத்து மேடைக்கும் அதுவே பெயராதலின், வெளியூரினின்று புதிதாக வருவோர் இச்சொல்லைக் கேட்டுச் சிறிது மயங்குவதும் உண்டு. பெயர் எதுவாயினும் ஆகுக. குழந்தையும் முதியவரும், கண்ணொளி இழந்தவரும், தலையிற் சுமை தாங்கியவரும் அச்சமின்றி அடியெடுத்து வைத்தற்குரிய இடம் அதுவே. அது கெட்டுப்போயின், அவர்கள் வண்டிகள் விரையும் சாலையில் இறங்கி நடக்க நேரிடும்.

'பழுது' என்னும் சொல்லுக்குக் குற்றம் என்றும், பயனின்மை என்றும் பழைய நூல்களிற் பொருள் உண்டு. நடைபாதையின் பழுதும் இவ்விரு வகைப்படும். சில குற்றங்கள் தோற்றத்தை மட்டும் கெடுப்பன. வேறு சில, பாதையையே பயனற்றதாக்கி, நடப்பவர்க்குத் தீங்கும் விளைப்பன. முன்னதனைச் சிறு கைவேலையால் திருத்தலாம்; பின்னதனைத் தொழில் கற்றவரே திருத்துதல் வேண்டும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

முதற்கண், நடைபாதை என்பது கண்ணுக்குத் தெரியும் மேற்றளம் மட்டும் அன்று என்பதை உணர்தல் வேண்டும். அடியில் திமிசு கொண்டு இறுக்கிய மண்ணும், அதன்மேல் உடைகல்லும், மணலும் பரப்பிய பின்னரே காங்கிரீட்டோ, பாவுகல்லோ இடப்படுகின்றது. அடித்தளம் உறுதியாயின் மேற்றளமும் உறுதி. சென்னைத் தெருக்கள் பலவற்றில் வேறோர் அமைப்பும் உண்டு. அங்கே நடைபாதையின் கீழே மழைநீர் வடிகால் ஓடுகின்றது. நாம் மண்மீது நடப்பதாக எண்ணிக்கொண்டு, உண்மையில் வடிகாலின் மூடிமீது நடக்கின்றோம்.

சிமெண்டுக் கலவை உலருங்கால் சுருங்கும். அச்சுருக்கத்தால் தளத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் தோன்றும். கீறலின் இருபுறமும் ஒரே மட்டத்தில் இருந்து, நாளடைவில் அகலாமலும் இருப்பின் அதுபற்றிக் கவலற்க. அகல்கின்றதா, இல்லையா என்பதை மாணவர்களாகிய நீங்களே அளந்தறியலாம். கீறல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடிட்டு, அருகில் நாளைக் குறித்து வையுங்கள். கீறலின் இருபுறமும் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றின் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். திங்களுக்கொரு முறை மீண்டும் அளக்கும்பொழுது கீறல் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தாலும், புள்ளிகள் விலகியிருந்தாலும், கீழே ஏதோ அசைகின்றது என்பது பொருள். அக்கீறலின்மேல் சாந்து பூசி மறைப்பதனால் ஆகும் பயன் ஒன்றுமில்லை.

அடுத்து ஆராயத்தக்கது மட்டம். அடுத்தடுத்துள்ள இரு கற்களில் ஒன்று தாழ்ந்து, ஒன்று உயர்ந்து நிற்பதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நாம் சமதளத்தில் நடக்கும்பொழுது, முன்னே வீசும் காலின் விரல் நுனி தரையினின்று ஒரு விரற்கடையளவோ, அதனினும் குறைவாகவோதான் உயர்கின்றது. முதுமையில் அவ்வுயரமும் அடிக்கு அடி மாறுபடும். ஆதலின், மலை தடுக்கி விழுவாரைக் காணோம். சிறு கல்லின் விளிம்பு தடுக்கி விழுவாரையே எங்கும் காண்கின்றோம். அமெரிக்க நாட்டில் உடற்குறையுடையோர்க்கென 1990-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி வகுத்த அளவுகளின்படி, வழியில் கால் அங்குலம் வரையிலான ஏற்றத்தாழ்வையே அப்படியே விடலாம். கால் அங்குலத்திற்கு மேல் அரை அங்குலம் வரையில் விளிம்பைச் சாய்வாக்குதல் வேண்டும். அதற்கும் மேற்பட்டால் சரிவுப்பாதையாகவே அமைத்தல் வேண்டும். நம் கொத்தனார்களின் கணக்கில் அங்குலத்திற்கு எட்டு நூல். அவ்வாறாயின், இரண்டு நூல் ஏற்றத்தாழ்வே ஆராய்ச்சிக்குரியது. நான்கு நூலைக் கடந்துவிட்டால் சீர்செய்தே தீரவேண்டும்.

மட்டம் பிறழ்ந்தமைக்கு மரவேர் காரணமாக இருப்பின் மிக்க எச்சரிக்கை தேவை. தூங்குமூஞ்சி மரத்தின் வேர் பருத்துக் கற்களை மேலே தள்ளுவதைச் சென்னையின் பழைய தெருக்களிற் பார்க்கலாம். அவ்வேரை வெட்டிவிட்டுக் கல்லைச் சமன்செய்வது எளிது. ஆனால், மரத்தைத் தாங்கி நிற்பதும் அவ்வேரே. 2016-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபொழுது ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. எந்த வேரை விடுவது, பாதையை எங்கே வளைப்பது என்பதை மரநூல் அறிந்தவரும் பொறியாளரும் கூடி முடிவுசெய்தலே முறை.

இனி, கண்ணுக்குத் தெரியாத பழுதினைக் காண்போம். சந்தையில் பானை வாங்கும் பெண்கள் அதனை விரலால் தட்டிப் பார்ப்பர். கணீரென்று ஒலித்தால் வாங்குவர். ஒலி கெட்டிருப்பின் வைத்துவிடுவர். நடைபாதைக்கும் இச்சோதனை பொருந்தும். கைத்தடியாலோ, சிறு சுத்தியலாலோ தளத்தைத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். ஓரிடத்தில் ஒலி மாறிப் பொள்ளலாகக் கேட்குமாயின், தளம் அடுக்கு விட்டிருக்கலாம். அல்லது அதன் அடியில் மண் நீங்கியிருக்கலாம். நிலத்தடிக் குழாய் கசியுமிடத்தில் நீர் சிறிது சிறிதாக மண்ணை அரித்துச் செல்லும். மழை இல்லாத நாளிலும் கல்லிடுக்கில் ஈரம் இருத்தல், நிரப்பிய பள்ளம் மீண்டும் மீண்டும் அமிழ்தல் ஆகியவை இதற்கு அறிகுறிகள். ஒருமுறை அமிழ்ந்தால் மணல் இட்டு நிரப்பலாம். இரண்டாம் முறையும் அமிழ்ந்தால் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். நடைபாதையின் கீழே மின்கம்பிகளும் செல்கின்றன. ஆதலின் தாமே தோண்டிப் பார்க்க எவரும் துணிதலாகாது.

இவை எல்லாவற்றினும் கொடியது வடிகால் மூடியின் பழுது. அதனை விளங்கிக்கொள்ள ஒரு பலகையை இரண்டு செங்கற்களின்மேல் வைத்து நடுவில் அழுத்திப் பாருங்கள். பலகையின் மேற்புறம் நெருங்குகின்றது; அடிப்புறம் இழுபடுகின்றது. காங்கிரீட்டு நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனாலேயே மூடியின் அடிப்பகுதியில் இரும்புக் கம்பிகளை வைத்து வார்க்கின்றனர். வடிகாலின் ஈரம் நாள்தோறும் அவ்வடிப்பகுதியையே தாக்குகின்றது. கடற்கரை நகரமாதலின் உப்புக் காற்றும் துணைசெய்கின்றது. இரும்பு துருவேறினால் பருமனில் பன்மடங்கு பெருகும். பெருகவே, தன்னை மூடிய காங்கிரீட்டைப் பிளந்து உதிர்க்கும். மேலிருந்து காண்போர்க்கு மூடி நன்றாகவே தோன்றும். நடுவில் சற்றே தாழ்ந்து நீர் தேங்குதல், விளிம்பு பொடிதல், பழுப்பு நிறக் கறை கசிதல், மிதிக்கும்பொழுது ஆடுதல் ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அம்மூடியின்மேல் கால் வைக்கலாகாது.

இதனை நான் நூலிற் கற்றேன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன், திருவல்லிக்கேணியில் நான் குடியிருந்த தெருவில் வடிகால் மூடி ஒன்றின் நடுவே உள்ளங்கையளவு துளை விழுந்தது. பக்கத்து வீட்டார் நல்ல மனத்தினர். தம் செலவில் சிமெண்டும் மணலும் வாங்கிக் குழைத்துத் துளையை அடைத்துக் கரணையால் வழவழப்பாகத் தேய்த்தும் விட்டார். நான் அவரைப் பாராட்டினேன். நாள்தோறும் காலையில் அவ்வழியே நடக்கும் நான், அம்மூடியின் ஓரத்தில் பழுப்புக் கறை படர்ந்து வருவதைக் கண்டேன். கண்டும் அதனை வெற்றிலைக் கறை என்று எண்ணிவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், கீரைக்கூடையுடன் வந்த முதியவர் ஒருவர் அதன்மேல் கால் வைத்தார். துளை இருந்த காலத்தில் அவர் அதனைத் தாண்டிச் செல்வது வழக்கம். பூச்சு வழவழப்பாக இருக்கவே நம்பி மிதித்தார். மூடி இரண்டாகப் பிளந்தது. முழங்கால் வரை உள்ளே சென்று முன்னெலும்பு முறிந்தது. நாங்கள் நால்வர் சேர்ந்து அவரைத் தூக்கினோம். பிளந்த துண்டைப் பின்னர்ப் பார்த்தபொழுது, விரற்பருமன் இருந்திருக்க வேண்டிய கம்பிகள் சருகுபோல் ஏடு ஏடாக உதிர்ந்தன. மேலே பூசிய சாந்து மட்டும் சிறிதும் கெடாமல் இருந்தது.

சென்னை மாநகராட்சி இத்தகைய முறையீடுகளை ஏற்பதற்கென 1913 என்னும் தொலைபேசி எண்ணை வைத்திருக்கின்றது. பிற ஊர்களில் நகராட்சியிலோ, ஊராட்சியிலோ எழுதிக் கொடுக்கலாம். 'நடைபாதை சரியில்லை' என்று மட்டும் கூறுவதிற் பயனில்லை. எந்தத் தெரு, எந்தக் கதவிலக்கத்தின் எதிரே, மூடி ஆடுகின்றதா, தளம் அமிழ்ந்ததா, எத்தனை நூல் ஏற்றத்தாழ்வு, எந்த நாள் முதல் என்று குறித்தல் வேண்டும். மேலே நான் கூறிய பென்சிற்கோடும் நாட்குறிப்பும் அங்கே சான்றாக உதவும். ஆட்கள் வரும்வரை அவ்விடத்தில் யாரும் கால் வையாதபடி கண்ணில் படத்தக்க தடையொன்றை வைப்பது அண்டை வீட்டார் கடமை.

புதிதாக வார்த்த காங்கிரீட்டை ஏழு நாளேனும் ஈரம் காயாமல் காத்தல் வேண்டும். அதன் வலிமையைப் பொறியாளர் 28-ஆம் நாளில் வைத்தே கணக்கிடுவர். ஈரச்சாக்கு விரித்திருக்கும் தளத்தில் குதித்தோடும் சிறுவர்களை நான் பலமுறை கண்டித்திருக்கின்றேன். அவர்களில் எவரும் கேட்டதாக நினைவில்லை.

எங்கள் தெருவில் பழைய மூடிகள் யாவும் எடுக்கப்பட்டுப் புதியன இடப்பட்டன. கீரைக்கார முதியவர் மூன்று திங்கள் கழித்துத் திரும்பி வந்தார். "பெரியவரே, இப்பொழுது மூடியெல்லாம் புதியவை; நானே தட்டிப் பார்த்துவிட்டேன்," என்றேன். "இருக்கட்டும் ஐயா," என்றார். அவ்வீட்டை நெருங்கியதும் அவர் நடைபாதையினின்று இறங்கிச் சாலையோரமாகவே சென்று, நான்கு வீடுகள் கடந்தபின் மீண்டும் ஏறினார்.