கார் இல்லாமல் ஆல்ப்ஸ் அருவிகள்

கேள்வி: ஜூனில் சுவிட்சர்லாந்து போகிறோம். கார் ஓட்டத் தயக்கம். ரயில், பஸ்ஸிலேயே அருவிகளைப் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் லாவுட்டர்புருன்னன். ஏறும்போது மட்டும் கவனம்! அந்த ரயில் ஸ்வைலுட்ஷினனில் இரண்டாகப் பிரியும். பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பார்க்காமல் உட்கார்ந்தால் கிரிண்டெல்வால்டில் போய் இறங்குவீர்கள்.

லாவுட்டர்புருன்னனில் 297 மீட்டர் உயர ஷ்டவ்பாக் அருவிக்கு நடந்தே போய்விடலாம். 1779-இல் ஜெர்மன் கவிஞர் கதே பார்த்துக் கவிதை எழுதிய அருவி. ஆனால், ஆர்ப்பரிப்பை எதிர்பார்க்காதீர்கள். பாதி காற்றிலேயே சாரலாகிவிடும்.

ஆர்ப்பரிப்புக்கு ட்ரூமல்பாக். ஷ்டெக்கல்பெர்க் பஸ்ஸில் சில நிமிடம்தான். மலையின் வயிற்றுக்குள் 10 அருவிகள். ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் சிகரங்களின் பனியாறுகள் உருகி விநாடிக்கு 20,000 லிட்டர் வரை பாயும். வெயில் ஏறினால் நீரும் ஏறும். அதனால் உங்கள் ஜூன் நல்ல தேர்வு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். உள்ளே போகத் தனிக் கட்டணம். 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை. படிகள் வழுக்கும், உள்ளே குளிரும். மழைக்கோட்டு அவசியம்; குடையை அறையிலேயே விட்டுவிடுங்கள்.