இல்லமே மருத்துவமனை

மாணவி, பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அது 95-ஆம் அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுப்பவர் என்பவையே அந்நான்கு. முதல் மூன்றும் நமக்கு எளிதில் விளங்கும். நான்காமவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அவர் தாய், மனைவி அல்லது மகள். அந்த வீடே கலங்கி நிற்கும்போது நான்காமவரின் வேலையை யார் செய்வது? பல மாதம் மருந்துண்ண வேண்டிய காசநோயை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

நோயும் மருந்தும்

காசநோய் பரம்பரை நோய் அன்று, சாபமும் அன்று. அதற்குக் காரணம் ஒரு கிருமி. ஜெர்மனி நாட்டு அறிஞர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் அக்கிருமியைக் கண்டறிந்ததை உலகிற்கு அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக உள்ளது. கிருமி தெரிந்ததே தவிர, மருந்து வர நெடுங்காலமாயிற்று. நாம் அன்புடன் போற்றும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் 1897-இல் இந்நோயால் இறந்தபோது அவருக்கு வயது 24. நம் தமிழ்ச் சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948-இல் இதே நோய்க்குப் பலியானார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல்தான் ஐசோநயாசிட் என்னும் மலிவான மாத்திரை பயனுக்கு வந்தது.

சென்னை உலகிற்குச் சொன்ன பாடம்

மாத்திரை வந்த பின்னும் ஒரு தயக்கம் இருந்தது. அக்காலத்தில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான சானடோரியங்களில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதே வழக்கம். நல்ல உணவு, முழு ஓய்வு, செவிலியர் கவனிப்பு ஆகியவை இல்லாமல் நோய் தீராது என்று மருத்துவர்கள் நம்பினர். ஆனால் நம் நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்குப் படுக்கைகள் சிறிதும் போதவில்லை. மேலும், தாய் ஓராண்டு மருத்துவமனையில் இருந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? தந்தை போய்விட்டால் கூலி ஏது?

இந்திய அரசு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார். நகரின் ஏழை மக்களிடையே இருந்த நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர்கள் தம் நெரிசலான வீடுகளிலேயே இருந்தனர். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டிலிருந்தவர்களுக்கு உணவு குறைவு, ஓய்வும் குறைவு. பலர் வேலைக்கும் போனார்கள்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்! வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. ஏனெனில் தகுந்த மருந்தை ஒழுங்காக உண்ணத் தொடங்கியதும் நோய் பரப்பும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. சென்னையின் ஏழைக் குடிசைகளில் கிடைத்த இந்த உண்மை, உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவந்தது. அந்த நிலையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வீட்டிலிருந்தவர்களை அந்நிலையத்தார் 'மாத்திரை வாங்கிக்கொண்டு போனால் சரி' என்று விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டிற்கே சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று அறிந்தார்கள். வீடு மருத்துவமனையாக வேண்டுமானால் வீட்டிற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆறு மாதம் எதற்கு?

இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாத சிகிச்சை போதும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், உடல் தேறும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் மடிகின்றன. மந்தமாக, உறங்குவது போல் கிடக்கும் கிருமிகள் பிழைத்திருக்கின்றன. அவற்றை ஒழிக்கவே மீதி மாதங்கள். நடுவில் நிறுத்தினாலும் விட்டு விட்டு உண்டாலும் நோய் திரும்பிவிடலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் கூடும். பிறகு வைத்தியம் கடினமாகும். அதே கிருமி வீட்டிலுள்ள பிறருக்கும் பரவலாம்.

வீடு பிரிந்த மாதம்

இப்பாடம் எங்கள் குடும்பத்திற்கும் தேவைப்பட்டது. எங்களுடன் வசிக்கும் அத்தைக்கு ஆகஸ்ட் மாத நடுவில் சிகிச்சை தொடங்கியது. பெரியப்பாதான் மாத்திரை வாங்கி வருவார். நவம்பரில் சொத்து விஷயமாக அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மனஸ்தாபம் உண்டாகி, நாங்கள் கோரிப்பாளையத்திலேயே வேறொரு வாடகை வீட்டிற்கு வந்தோம். பாத்திரங்கள் சாக்குகளில் இருந்தன. பாட்டி எந்நேரமும் அழுதுகொண்டிருந்தார். புது வீட்டுக்காரருக்கு நோய் தெரிந்தால் காலி செய்யச் சொல்வாரோ என்று அம்மா அஞ்சினார்.

அந்தக் குழப்பத்தில் அத்தை என்னிடம், "எனக்குத்தான் இருமலே நின்னு போச்சேம்மா, இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை? உங்க அம்மாவுக்கு இருக்கற கஷ்டம் பத்தாதா?" என்றார். அவர் மாத்திரையை வெறுத்து அப்படிச் சொல்லவில்லை. தாம் பாரமாக இருக்கக்கூடாது என்றே நினைத்தார். "அத்தை, நீங்க நடுவுல நிறுத்தினாத்தான் எங்களுக்குக் கஷ்டம்" என்றேன். அன்று முதல் காலண்டரில் குறியிடும் வேலை என்னுடையதாயிற்று. அவர் மாத்திரையை விழுங்கிய பின்னரே குறியிடுவேன். மருந்து வாங்கும் பொறுப்பை அப்பா ஏற்றார்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரவில்லை. ஆயினும் மாலைதோறும் அவர் அத்தைக்கு ஃபோன் செய்து, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டார். இரு வீட்டிற்கும் இடையே மிஞ்சியிருந்த பேச்சு அது ஒன்றுதான். இதை எழுதும்போது அத்தைக்கு ஆறாவது மாதம் நடக்கிறது.

பண்டிகைக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

டிசம்பரில் நம் வீடுகளில் வெள்ளையடிப்பு, குடில் வேலை, ஊர்ப் பயணம், விருந்தினர் வருகை என்று அன்றாட நேரங்கள் மாறிவிடும். மனஸ்தாபமோ மரணமோ வேலை இழப்போ சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே பின்வருவனவற்றை நினைவில் கொள்வோம்.

1. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவரையும் சொல்லி வையுங்கள்.

2. வெளியூர் போகுமுன் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவித்து, தேவையான நாட்களுக்கு மாத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். வீடே மாறினால், நிக்ஷய் என்னும் அரசுப் பதிவின் மூலம் சிகிச்சையைப் புதிய இடத்திற்கு மாற்றலாம். பதிவு எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

3. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மடங்காக விழுங்கக் கூடாது. பணியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

4. பண்டிகை என்று மதுவோ வீட்டில் செய்த ஒயினோ கொடுக்காதீர்கள். இம்மருந்துகள் கல்லீரலுக்குச் சுமை. மது அச்சுமையைக் கூட்டும். கண் மஞ்சளானாலோ ஓயாமல் வாந்தி வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாக இருப்பது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டாம்.

5. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைத்துப் புண்படுத்தாதீர்கள். இந்நோய் இருமும்போது காற்றில் பரவுவது, தட்டால் பரவுவதன்று. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது துணியால் வாயை மூடச் சொல்லுங்கள்.

6. பணம் இல்லை என்று நிறுத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று.

முடிவுரை

குடும்பத்தில் எழும் புயலை நம்மைப் போன்ற பிள்ளைகளால் நிறுத்த முடியாது. பெரியவர்களின் வழக்கைத் தீர்த்து வைக்கவும் நமக்கு வயதில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு வேளை மாத்திரையும் எடுத்துக் கொடுக்க எந்த வயதும் போதும். வள்ளுவர் நான்காமவரை மருத்துவருக்குச் சமமாக ஒரே வரிசையில் வைத்தார். சென்னை ஆராய்ச்சியோ, நெரிசலான ஏழை வீட்டிலும் மருந்து தவறாமல் போனால் நோய் தீரும் என்று காட்டியது. எனவே தோழியரே, உங்கள் வீட்டில் நெடுநாள் மருந்துண்பவர் யாரேனும் இருந்தால், அது காசநோயோ நீரிழிவோ வலிப்போ எதுவாயினும், இன்றைய மாத்திரையை அவர் உண்டாரா என்று முதலில் கேளுங்கள்.