நாடகக் கோட்பாடுகளை ஒத்திகைக்குக் கொண்டுவரும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அரிஸ்டாட்டில், பரதர், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் என்று படித்துவிட்டு ஆர்வத்தோடு ஒத்திகைக்கு வரும் இளைஞர்கள் இன்று பலர். அந்த ஆர்வம் வீணாகக் கூடாது. ஒவ்வொரு கோட்பாடும் மேடையில் எழுந்த ஒரு சிக்கலுக்கு யாரோ ஒருவர் தேடிக் கண்ட விடை. சிக்கலைப் புரிந்துகொண்டவருக்கே விடை பயன்படும்.

செய்ய வேண்டியவை

• கேள்வியைக் கண்டுபிடியுங்கள். துன்பியல் நாடகம் பார்ப்பவரிடம் இரக்கமும் அச்சமும் எப்படி எழுகின்றன என்று ஆராய்ந்தார் அரிஸ்டாட்டில். உருகி அழுதுவிட்டு வீடு திரும்புபவர் சமூகத்தை மாற்ற நினைப்பாரா என்று கேட்டார் பிரெக்ட். உங்கள் நாடகத்துக்கு எந்தக் கேள்வி முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

• மூலநூலைப் படியுங்கள். இடம், காலம், செயல் என்ற மூன்று ஒருமைகளையும் அரிஸ்டாட்டில் விதித்ததாக இன்றும் சொல்லப்படுகிறது. ‘கவிதையியல்’ நூலில் அவர் வலியுறுத்துவது செயல் ஒருமையை மட்டுமே. காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. இடத்தைப் பற்றி விதியே இல்லை. மூன்றையும் சட்டமாக்கியவர் 1570இல் அந்நூலுக்கு உரை எழுதிய இத்தாலியர் காஸ்தெல்வெத்ரோ.

• தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை நடிகரின் கண்ணால் படியுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்தப் பகுதி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கையும் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்) ஆகிய நான்கால் அச்சம் பிறக்கும். கள்வனுக்கு அஞ்சுபவர் ஓட இடம் தேடுவார்; அரசனுக்கு அஞ்சுபவர் ஓடவும் முடியாமல் கைகட்டி நிற்பார். இந்த நான்கு அச்சங்களையும் வசனமே இல்லாமல் தனித்தனியாகச் செய்து பாருங்கள். ‘பயப்படு’ என்ற ஒற்றைக் கட்டளையால் வராத நுட்பம் உடம்பில் வரும்.

• பாத்திரத்துக்குச் செயலைக் கொடுங்கள். ‘இந்த இடத்தில் சோகமாக இரு’ என்பதைவிட, ‘மகன் எழுதிய கடிதத்தைக் கணவர் கண்ணில் படாமல் மறைத்து வை’ என்பது நடிகருக்கு உதவும். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் இறுதி ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இந்த உடல்வழிச் செயல்தான்.

செய்யக்கூடாதவை

• நடிகரின் சொந்தக் காயத்தைக் கிளறாதீர்கள். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பெயரால் பலர் செய்யும் தவறு இது. 1934இல் பாரிஸில் அவரைச் சந்தித்துப் பயின்ற அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர், நடிகரின் சொந்த உணர்ச்சி நினைவைவிட நாடகம் தரும் சூழலும் கற்பனையும் முக்கியம் என்ற செய்தியோடுதான் நியூயார்க் திரும்பினார். நடிகரின் வீட்டுத் துக்கத்தைக் கேட்டு அழவைக்க இயக்குநருக்கு உரிமை கிடையாது.

• பிரெக்ட் என்றதும் முகத்தை மரமாக்காதீர்கள். ‘அன்னை கரேஜ்’ நாடகத்தின் 1949 பெர்லின் தயாரிப்பில், மகனைச் சுட்டுக் கொல்லும் ஓசை கேட்டதும் தாயாக நடித்த ஹெலன் வைகல் வாயைத் திறந்து குரலின்றி அலறினார். அதில் உணர்ச்சிக்குக் குறைவில்லை. அந்தத் தாய் ஏன் பேரம் பேசி மகனை இழந்தாள் என்ற சிந்தனையும் கூடவே எழ வேண்டும் என்பதே பிரெக்ட்டின் நோக்கம்.

• கட்டியங்காரனைப் பிரெக்ட்டின் சட்டத்துக்குள் அடைக்காதீர்கள். பிரெக்ட்டின் நடிகர்களைப் போலவே தெருக்கூத்தில் கட்டியங்காரனும் பார்வையாளரோடு நேரடியாகப் பேசுகிறான். இந்த ஒற்றுமையைக் கண்டதும் இரண்டும் ஒன்று என்று எழுதிவிடுகிறோம். கூத்து இறைவழிபாட்டோடும் ஊர்த் திருவிழாவோடும் பிணைந்தது. அதன் நியாயங்களைக் கூத்துக் கலைஞரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• பெயரை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ளாதீர்கள். ஆர்த்தோவின் ‘குரூர அரங்கு’ மேடையில் இரத்தம் கொட்டச் சொல்லவில்லை. பார்வையாளரின் புலன்களை உலுக்கும் கண்டிப்பான அரங்கை அவர் கேட்டார். குரோட்டோவ்ஸ்கியின் ‘எளிய அரங்கு’ செலவைக் குறைக்கும் வழியல்ல. ஒப்பனையும் அலங்காரமும் நீங்கிய பின் நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையே எஞ்சும் உறவைத் தேடுவது.

• போவாலின் பெயரால் பிரசாரம் செய்யாதீர்கள். அகஸ்டோ போவாலின் விவாத அரங்கில் பார்வையாளரே மேடையேறி முடிவை மாற்றிப் பார்ப்பார். முடிவை நீங்களே எழுதிவைத்துக்கொண்டு மக்களைக் கைதட்டச் சொன்னால் அந்த முறையே அழிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாடகத்தில் திணிக்க வேண்டியதில்லை. ஒரு கோட்பாட்டை எடுங்கள், ஒரு காட்சியில் பொறுமையாக உழையுங்கள். உங்கள் நடிகருக்கும் பார்வையாளருக்கும் உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். உதவவில்லையென்றால், எவ்வளவு பெரிய பெயரானாலும் தயங்காமல் விட்டுவிடுங்கள்.