ஆண்களுக்கும் தைராய்டு வரும்

நாற்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் "முன்போல உடம்பில் தெம்பில்லை" என்றால், "வயசாயிடுச்சு, கடை அலைச்சல்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஓயாத களைப்பு, எடை கூடுதல், மனச்சோர்வு, இல்லற வாழ்வில் நாட்டமின்மை ஆகியவை தொடர்ந்தால், இரண்டு ஹார்மோன்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தைராய்டு. கழுத்தின் முன்புறம் பட்டாம்பூச்சி வடிவில் உள்ள இந்தச் சுரப்பிதான் உடல் இயங்கும் வேகத்தை நிர்ணயிக்கிறது. இதன் சுரப்பு குறைந்தால் மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை வரலாம். பெண்களிடம் அதிகம் காணப்படுவதால், ஆண்கள் இதற்குப் பரிசோதனை செய்துகொள்வதே இல்லை.

இரண்டாவது, விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன். உடற்பருமன், சர்க்கரை நோய், தூக்கக் குறைவு ஆகியவை இதைக் குறைக்கும். தைராய்டு குறைவும் இதைக் குறைக்கலாம். தைராய்டைச் சரிசெய்தால் இதுவும் உயர்வதுண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை போதுமான தொடக்கம். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே 7 முதல் 10 மணிக்குள் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். குறைவு என்று வந்தால், வேறொரு நாளில் மீண்டும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயோ உணவோ எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. ரமளானில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போதோ, சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ போடலாம். எது உங்களுக்கு ஏற்றது என்று நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உடற்பயிற்சிக் கூடங்களில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், விரைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை குறைந்துவிடும். விந்தணுக்கள் குறையும்; சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தினாலும் பழைய நிலை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.

குழந்தைப்பேறு தாமதமாகும் வீடுகளில் மருமகளை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்புவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. குறை ஆணிடமும் இருக்கலாம். கணவனும் மனைவியும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து செல்லட்டும். பெரியவர்கள் அதற்கு வழிவிடுவோம்.