இயந்திரப் படகில் இரு பற்றரிகளும் தெரிவு ஆளியும்

சூடடிப்பு நடக்கும் இரவுகளில் உழவு இயந்திரத்தின் பற்றரியிலிருந்து கம்பி இழுத்துக் களத்துமேட்டில் விளக்கு எரிப்பதுண்டு. விடியற்காலையில் எஞ்சினை இயக்க முனையும்போது அது ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். நிலத்தில் இதனால் நேரும் நட்டம் சிறிது. அயலவரின் பற்றரியைக் கொண்டுவந்து இணைத்தோ, வேறோர் உழவு இயந்திரத்தால் இழுத்தோ வேலையைத் தொடரலாம். கடலில் இதே தவறு நேருமாயின் இழுப்பாருமில்லை; அயலவருமில்லை.

கிழக்குக் கரையோரக் கமக்காரருட் சிலர் பெரும்போக அறுவடை முடிந்தபின் கடற்றொழிலிலும் ஈடுபடுகின்றனர். அம்மாதங்களில் அக்கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆயினும் அக்காலத்துக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. எஞ்சின் ஓயப்பெற்ற படகை அது கரைசேர்க்காது. மேலும் மேலும் வெளிக்கடலுக்கே கொண்டு செல்லும். ஆகவே எஞ்சினை இயக்குவதற்கு வேண்டிய மின்னை எந்நேரமும் காத்து வைத்தல் படகிலுள்ளாரின் உயிரைக் காப்பதாகும். இதன் பொருட்டே படகுகளில் இரு பற்றரிகளும் ஒரு தெரிவு ஆளியும் பொருத்தப்படுகின்றன. அவற்றைப் பொருத்துவதனால் மட்டும் பயன் விளையாது. ஆளியை முறையறிந்து திருப்பும் பழக்கமும் வேண்டும்.

விதைநெல்லும் உணவுநெல்லும்

அறுவடையான நெல்லில் விதைக்கு வேண்டியதைக் கமக்காரர் வேறாக எடுத்து வைப்பர். வீட்டில் எத்தகைய முடை வந்தாலும் அதில் கைவைப்பதில்லை. படகின் முதலாம் பற்றரி விதைநெல்லை ஒத்தது. எஞ்சினை இயக்குவதற்கன்றி வேறெதற்கும் அதனைப் பயன்படுத்தலாகாது. இரண்டாம் பற்றரி உணவுநெல்லை ஒத்தது. விளக்கு, வானொலித் தொடர்புக் கருவி, மீன் காட்டும் கருவி, நீரிறைக்கும் பம்பி ஆகியவற்றுக்கு அதிலிருந்தே மின் எடுத்தல் வேண்டும்.

இவ்விரு வேலைகளும் தன்மையில் வேறுபட்டவை. எஞ்சினைத் தொடக்கும் மோட்டர் 200 அம்பியர் மின்னோட்டத்தை 5 விநாடி எடுப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் மிகப் பெரிதாயினும், செலவாகும் மொத்த மின் ஓர் அம்பியர்-மணியின் மூன்றிலொரு பங்கிலும் குறைவே. விளக்கோ ஓர் அம்பியரளவு மின்னோட்டத்தையே எடுப்பது. ஆயினும் பத்து மணி நேரம் எரியுமாயின் பத்து அம்பியர்-மணி செலவாகிவிடும். எனவேதான் தொடக்கப் பற்றரியில் மெல்லிய தகடுகள் பலவும், நெடுநேரம் மின் வழங்கும் பற்றரியிலே தடித்த தகடுகளும் வைத்துச் செய்யப்படுகின்றன. மெல்லிய தகடுள்ள பற்றரியை அடிக்கடி வெறுமையாக்கினால் அது விரைவிற் பழுதாகும்.

பாதி வெறுமையான பற்றரியிலும் விளக்கு நன்றாக எரியும். ஆனால், தொடக்கி மோட்டரின் பெருமின்னோட்டத்தைத் தாங்கமாட்டாது அதன் மின்னழுத்தம் சட்டென வீழ்ந்துவிடலாம். விளக்கு எரிகின்றதென்பது எஞ்சின் இயங்கும் என்பதற்குச் சான்றாகாது.

ஆளியின் நான்கு நிலைகள்

தெரிவு ஆளியில் பொதுவாக நான்கு நிலைகள் உண்டு. அவை பூச்சியம், ஒன்று, இரண்டும் சேர்ந்து, இரண்டு என்பனவாம். பூச்சியத்தில் இரு பற்றரிகளும் துண்டிக்கப்படும். 'ஒன்று' என்னும் நிலையில் முதலாம் பற்றரியும், 'இரண்டு' என்னும் நிலையில் இரண்டாம் பற்றரியும் தனித்து வேலை செய்யும். 'சேர்ந்து' என்னும் நிலையில் இரண்டும் ஒன்றாக இணைக்கப்படும். எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கியின் மின்னும் இவ்வாளியின் வழியாகவே வருமாயின், அவ்வேளை தெரிந்தெடுத்த பற்றரிக்கே மின்னேறும்.

நாளொழுங்கு

1. புறப்படும்போது ஆளியை 'ஒன்று' என்னும் நிலையில் வைத்து எஞ்சினை இயக்குக.

2. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியபின் ஆளியைச் 'சேர்ந்து' என்னும் நிலைக்குத் திருப்புக. இப்போது இரு பற்றரிகளும் மின்னேற்றம் பெறும்.

3. வலை விரித்தபின் அல்லது நங்கூரமிட்டபின் எஞ்சினை நிறுத்துக. நின்றவுடன் ஆளியை 'இரண்டு' என்னும் நிலைக்குத் திருப்புக. இதன் பின்னரே விளக்கேற்றுதல் வேண்டும்.

4. மீண்டும் எஞ்சினை இயக்கும்போது 'ஒன்று' என்னும் நிலைக்கு வருக. இயங்கியபின் மறுபடியும் 'சேர்ந்து' என்னும் நிலையில் வைக்குக.

5. கரைசேர்ந்து எஞ்சினை நிறுத்திய பின்னர் ஆளியைப் பூச்சியத்தில் விடுக.

தொடக்க ஒன்று, ஓட்டத்திற் சேர்ந்து, ஓய்வில் இரண்டு, கரையிற் பூச்சியம் என இதனை மனத்திற் பதித்துக்கொள்ளலாம். இவ்வரியைப் பலகையில் எழுதி ஆளியின் அருகே மாட்டி வைத்தல் நன்று. படகிற் செல்லும் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பெரும்பாலும் நிகழும் தவறு

எஞ்சின் நின்ற பின்னும் ஆளியைச் 'சேர்ந்து' என்னும் நிலையில் விட்டுவிடுதலே இவ்வமைப்பிற் பெரும்பாலும் நிகழும் தவறாகும். இரு குளங்களுக்கிடையே வாய்க்கால் வெட்டி மதகைத் திறந்து விட்டாற் கீழ்க் குளத்து வயலுக்குப் பாயும் நீர் மேற் குளத்தையும் வற்றச் செய்யும். அவ்வாறே இரவு விளக்குகள் இரு பற்றரிகளையும் ஒருசேர வெறுமையாக்கும். ஒரு பற்றரியில் ஒரு கலம் பழுதாகியிருந்தால் அது நல்ல பற்றரியின் மின்னையும் உறிஞ்சிவிடும். இரு பற்றரிகளுக்குப் பணம் செலவிட்டும், பயனில் ஒரு பற்றரியே உள்ளதாக முடியும்.

முதலாம் பற்றரி எதிர்பாராது சோர்ந்துபோனால், எஞ்சினை இயக்கும் அச்சிறு பொழுதுக்கு மட்டும் 'சேர்ந்து' என்னும் நிலையைப் பயன்படுத்தலாம். முதலாம் பற்றரி முற்றாகப் பழுதாகியிருப்பின் 'இரண்டு' என்னும் நிலையில் தனித்து முயலுதல் வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பூச்சியம் ஆகாது

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் ஆளியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாகாது. மின்பிறப்பாக்கி தரும் மின்னைப் பற்றரி ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அவ்வழியைத் திடீரென அடைத்தால் மின்னழுத்தம் கணப்பொழுதில் மிக உயர்ந்து, மின்பிறப்பாக்கியினுள் இருக்கும் இருவாயிகளை எரித்துவிடும். மற்றைக் கருவிகளும் பழுதாகக்கூடும். எஞ்சின் ஓடும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றவேண்டியிருப்பின், 'சேர்ந்து' என்னும் நிலையின் வழியாகவே மாற்றுதல் வேண்டும். புதிய இணைப்பு ஏற்பட்ட பின்னரே பழைய இணைப்பு விடுபடும் வகை ஆளிகளில் மட்டுமே இவ்வாறு செய்யலாம். ஆளியை வாங்கும்போது அவ்வகையானதா எனக் கேட்டறிக.

இரவுச் செலவுக் கணக்கு

வயலுக்கு விதையும் பசளையும் கணக்கிடுவது போலவே இரவுக்கு வேண்டிய மின்னையும் முன்கூட்டிக் கணக்கிடுதல் வேண்டும். கருவியின் வாற்று அளவை 12 ஆல் வகுத்தால் அம்பியர் அளவு கிடைக்கும். அதனை மணித்தியாலங்களாற் பெருக்கினால் அம்பியர்-மணி கிடைக்கும். பத்து மணி நேர இரவொன்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு:

10 வாற்று இழை விளக்கு இரண்டு: 17 அம்பியர்-மணி.
மீன் காட்டும் கருவி, 1 அம்பியர்: 10 அம்பியர்-மணி.
வானொலிக் கருவி கேட்கும் நிலையில், அரை அம்பியர்: 5 அம்பியர்-மணி.
பம்பி, 4 அம்பியர், மொத்தம் ஒரு மணி நேரம்: 4 அம்பியர்-மணி.
ஆகமொத்தம்: 36 அம்பியர்-மணி.

ஈயப் பற்றரியின் கொள்ளளவிற் பாதிக்கு மேல் எடுக்காதிருத்தல் அதன் ஆயுளை நீடிக்கும். எனவே 100 அம்பியர்-மணிப் பற்றரியிலிருந்து 50 வரை எடுக்கலாம். மேற்காட்டிய செலவு இவ்வெல்லைக்குள் அடங்கும். மீனைக் கவர 60 வாற்று விளக்கொன்றை இரவு முழுவதும் எரித்தால், அது ஒன்றே 50 அம்பியர்-மணியை எடுத்துவிடும். இழை விளக்குகளுக்குப் பதிலாக எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினால் விளக்குச் செலவு பெரிதும் குறையும்.

செலவான மின்னை அரைமணி நேர ஓட்டத்தில் மீளப் பெறலாமென எண்ணுதல் தவறு. பற்றரி முதலில் விரைவாகவும், நிறைவை அணுகுந்தோறும் மெதுவாகவும் மின்னை ஏற்கும். முழுமையாக மின்னேறப் பல மணி நேரம் வேண்டும்.

பற்றரியின் நிலையை அறிதல்

மின்னேற்றமோ செலவோ இன்றிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரியை உவோற்றுமானியால் அளந்தால் பின்வருமாறு காட்டும்:

12.6 முதல் 12.7 உவோற்று: நிறைவு.
12.4 உவோற்று: முக்காற் பங்கு.
12.2 உவோற்று: அரைப் பங்கு.
12.0 உவோற்று: காற் பங்கு.
11.8 உவோற்று: ஏறக்குறைய வெறுமை.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 உவோற்று வரை காட்டுதல் வேண்டும். 12.5 அளவிலேயே நிற்குமாயின் மின்னேறவில்லை. 15 ஐத் தாண்டுமாயின் மின்னழுத்தச் சீராக்கி பழுதாகியுள்ளது. இவ்விரு நிலைகளிலும் கடலுக்குச் செல்லாது படகைத் திருத்துக.

பொருத்தும் முறை

இரு பற்றரிகளின் மறை முனைகளையும் பொதுவாக இணைத்து, நேர் முனைகளை மட்டும் ஆளிக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். தொடக்கி மோட்டருக்குச் செல்வதைத் தவிர்ந்த ஏனைய கம்பிகளுக்குப் பற்றரியின் அருகிலேயே உருகி இடுக. மிதவையால் தானே இயங்கும் பம்பியை ஆளியின் வழியாக இணைக்கலாகாது. அதனை உருகியுடன் இரண்டாம் பற்றரிக்கு நேரே இணைக்குக. அப்போதுதான், ஆளி பூச்சியத்தில் இருக்கும்போதும் படகினுட் புகும் நீர் வெளியேறும்.

படகு அலையில் ஆடும்போது பற்றரிகள் இடம்பெயராவண்ணம் மூடியுள்ள பெட்டியில் வைத்து இறுகக் கட்டுக. பெட்டிக்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. மின்னேறும்போது வெளியாகும் ஐதரசன் வாயு சிறு பொறியாலும் வெடிக்கும். கடல்நீர் பற்றரியினுட் புகுந்தால் குளோரீன் என்னும் நச்சுவாயு உண்டாகும். ஆளியை உலர்ந்த இடத்தில், கைக்கு எட்டும்படி பொருத்துக. பெற்றோல் எஞ்சின் உள்ள அறையினுள் அதனைப் பொருத்தலாகாது.

ஆளியைத் திருப்ப மறப்போருக்குத் தானியங்கி இணைப்பி ஒன்றும் உண்டு. மின்னேற்ற அழுத்தம் ஏறக்குறைய 13.3 உவோற்றைத் தாண்டும்போது அது இரு பற்றரிகளையும் இணைத்து, எஞ்சின் நின்று அழுத்தம் குறைந்ததும் பிரித்துவிடும். ஈயப் பற்றரியையும் இலிதியம் பற்றரியையும் கலந்து ஓர் ஆளியில் இணைத்தலாகாது; அவை மின்னேறும் முறை வேறுபட்டது.

பராமரிப்பு

திறக்கும் மூடியுள்ள பற்றரிகளிற் கலங்களின் நீர்மட்டத்தை மாதந்தோறும் பார்த்து, தகடுகள் மூடும்வரை காய்ச்சி வடித்த நீரை ஊற்றுக. கிணற்றுநீர் ஆகாது. முனைகளிற் படியும் வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, உலர்த்தி, வசிலீன் பூசுக. சோடாநீர் கலங்களினுட் புகாவண்ணம் மூடிகளை இறுக்கி வைத்தல் வேண்டும். கழற்றும்போது மறை முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் எடுத்துக்கொள்க. அமிலம் கண்ணிற் பட்டால் உடனே நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்க.

வாடைக் காற்றுக் காலத்திற் படகு கரையேற்றப்பட்டு, கமக்காரர் வயலில் இருக்கும்போதே பற்றரிகள் பெரும்பாலும் கெடுகின்றன. பயன்படுத்தாத பற்றரியும் சிறிது சிறிதாக மின்னை இழக்கும். வெறுமையாகக் கிடக்குமாயின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிந்து, பின்னர் மின்னை ஏற்கமாட்டாது. ஆகவே படகைக் கரையேற்றியதும் பற்றரிகளைக் கழற்றி, முழுமையாக மின்னேற்றி, நிழலான இடத்தில் வைத்து மாதமொருமுறை மின்னேற்றுதல் வேண்டும்.

பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைக் குற்றி உண்ணாத கமக்காரர், இரவில் விளக்கு மங்கும் வேளையிலும் அதே உறுதியுடன் இருத்தல் வேண்டும். இரண்டாம் பற்றரி சோர்ந்தால், நங்கூர விளக்கு ஒன்றை விட்டு ஏனைய கருவிகளை நிறுத்துக. அதுவும் மங்கினால் முதலாம் பற்றரியால் எஞ்சினை இயக்கி மின்னேற்றுக. முதலாம் பற்றரியை விளக்குக்குக் கொடுக்கற்க. காலையில் கச்சானை எதிர்த்துக் கரை நோக்கிப் படகைச் செலுத்த அதுவே துணையாகும்.