பனிக்காலப் பறவைகளும் சைக்கிள் பாதைகளும்: எது யாருக்கு ஏற்றது?

பறவை பார்க்க நல்ல நேரம் விடிந்ததிலிருந்து காலை ஒன்பது மணி வரை; அதை விட்டால் மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. சைக்கிள் மிதிக்க நல்ல நேரமும் அதுவேதான். பறவைகளைத் தேடி நெடுந்தூரம் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இது. காலைக் குளிரில் எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பதினொரு மணிக்கு ஏரிக்கரையில் போய் நின்றால், பாதிப் பறவைகள் இரை தேடி வயல்களுக்குப் போயிருக்கும். மிச்சம் உள்ளவை ஒற்றைக்காலில் உறங்கிக்கொண்டிருக்கும். உழைப்பு முழுக்க வீண்.

ஆகவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது “எந்தச் சரணாலயம் பேர்போனது” என்று கேட்பதைவிட, “அந்த நல்ல மூன்று மணி நேரமும் எனக்கு எங்கே கழியும்” என்று கேட்பது பயன் தரும். தமிழ்நாட்டில் இப்படிக் கேட்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. 2025 தொடக்கத்தில் இங்குள்ள ராம்சார் ஈரநிலங்களின் எண்ணிக்கை 20. இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். பெரும்பாலானவை சமவெளியில், ஏரி குளங்களாக, கழிமுகங்களாக, தார்ச்சாலையை ஒட்டியே இருக்கின்றன.

அடுத்த கேள்வி காற்று. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்தாலும் வாடைக்காற்று பிப்ரவரி வரை வீசும். காரில் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சுமையேற்றிய சைக்கிளில் கடற்கரையோரம் வடக்கு நோக்கிப் போகிறவருக்கோ, மேடே இல்லாத சாலையிலும் மலையேறுகிற களைப்பு வந்துவிடும். தெற்கு நோக்கிப் போகிறவரை அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். வடக்கிலிருந்து தெற்கே ஓட்டிப் போய், ரயிலில் திரும்புவது என்பதைப் பனிக்காலத்தின் பொதுவிதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மாதத்தையும் இதோடு சேர்த்து முடிவுசெய்ய வேண்டும். நவம்பரிலேயே வலசைப் பறவைகள் வந்து சேர்ந்துவிடும் என்றாலும் அது புயல் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்து, கோடியக்கரைக் காட்டைச் சிதைத்துப் போட்டது. டிசம்பரிலும் மழையை நம்ப முடியாது. பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை வானம் தெளிந்திருக்கும், நீர்நிலைகள் நிறைந்திருக்கும், பகல் வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். காணும் பொங்கலன்று மட்டும் எந்தச் சரணாலயத்துக்கும் போக வேண்டாம். அன்றைக்குப் பறவையைவிட மனிதத் தலைகள்தான் கண்ணில் படும்.

முதல்முறை கிளம்புகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவருக்கும் வேடந்தாங்கல்–கரிக்கிலி பாதையே சரி. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வழியாகப் படாளம் கூட்டுரோடு வரை போய் மேற்கே திரும்புவது நேர்வழி. ஆனால் லாரிகளோடும் பேருந்துகளோடும் போட்டி போட வேண்டியிருக்கும். மாமல்லபுரத்தில் ஓர் இரவு தங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டை அடைவது சுற்றுவழி என்றாலும் அமைதியானது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் மலைமேல் வந்து பிரசாதம் உண்ட கழுகுகள் 1990-களுக்குப் பிறகு வருவதில்லை. பறவை பார்க்கப் போகிறவர் அந்த மலையடிவாரத்தில் சற்று நேரம் நின்று, ஓர் ஊரின் வழக்கத்திலிருந்தே ஒரு பறவை காணாமல் போவது எப்படி என்று யோசித்துவிட்டுப் போவது நல்லது.

வேடந்தாங்கல் அதற்கு நேர்மாறான கதை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இங்குள்ள விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டுபோய் முறையிட, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா எல்லாம் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாகக் கூடு கட்டியிருக்கும். அடியில் தண்ணீர் நிற்கும் வரை பூனையும் நரியும் குஞ்சுகளை நெருங்க முடியாது. நத்தைகுத்தி நாரையின் அலகைத் தொலைநோக்கியில் பார்த்தால் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி தெரியும். வயலில் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை மட்டும் உருவியெடுக்கும் வேலைக்கு வாய்த்த அலகு அது.

இந்தப் பாதையில் நல்ல நேரக் கணக்கு எளிதாகப் பொருந்திவிடுகிறது. மதியம் வரை ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், மாலையில் கூட்டம் கூட்டமாகக் கூடு திரும்பும் பறவைகளைப் பார்க்கலாம். அருகில் தங்கிவிட்டு மறுநாள் விடியலில் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிக்கிலிக்குப் போய்விடலாம். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி போன்ற வாத்துகளுக்குக் கரிக்கிலியே மேல், கூட்டமும் இருக்காது. குறை என்று சொன்னால், சைக்கிளில் இருக்கும் நேரத்தில் பார்க்க அதிகம் இல்லை. பறவை எல்லாம் போய்ச் சேருகிற இடத்தில்தான்.

பழவேற்காடு வேறு மாதிரி. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வழியாக 60 கிலோமீட்டர். போகும்போது எதிர்காற்று என்று தயங்க வேண்டியதில்லை. விடியற்காலையில் காற்று ஓய்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல்தான் வலுக்கும். ஐந்து மணிக்கே கிளம்பினால் காற்று எழுவதற்குள் ஏரியை அடையலாம். பிற்பகலில் திரும்பும்போது அதே காற்று துணைக்கு வரும். பூநாரைகளுக்காக வருகிறவர்கள் இங்கே படகைத் தேடுவதுதான் வழக்கம். வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் பயணிகளோடு படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அதோடு, படகு நெருங்கினாலே இரை மேயும் பூநாரைக் கூட்டம் எழுந்து போய்விடும்.

பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஓரிரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தவர்கள் சூலூர்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியை நடுவே பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர். சைக்கிளை ஓரமாக நிறுத்தினால், தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடிகட்டும் பூநாரைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். விண்வெளி மையத்தின் சோதனைச் சாவடிக்கு அப்பால் போக முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை. சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள நேலப்பட்டு, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பெரிய இடம். ஆனால் இந்தப் பயணம் முழுக்கக் காற்றை எதிர்த்தே வடக்கே போவது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் கனரக வாகனங்களின் இரைச்சலும் உண்டு. சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் போகிறது என்பதால், அங்கே போய் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஏரிச்சாலையில் மட்டும் ஓட்டுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

உண்மையான நெடும்பயணம் என்றால் அது சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கிழக்குக் கடற்கரையோரமாகப் போவதுதான். 350 கிலோமீட்டருக்கு மேல். அவசரமில்லாமல் போனால் ஆறு நாள். மேலே சொன்ன நேரச் சிக்கல் இங்கேதான் முழுதாகத் தீர்கிறது: ஒவ்வோர் இரவும் ஒரு நீர்நிலையின் வாசலிலேயே தங்கும்படி திட்டமிடலாம். காலையும் மாலையும் பறவைகளுக்கு. பத்திலிருந்து மூன்று மணி வரை சைக்கிளுக்கு. கோடையில் அந்த நேரத்தில் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். தை மாதத்தில், முதுகுப்புறம் காற்றும் இருக்கும்போது, அறுபது கிலோமீட்டர் அலுப்புத் தெரியாமல் போய்விடும்.

முதல் தங்கல் மரக்காணம் பக்கம் இருந்தால் உப்பளங்களும் கழுவேலியும் கைக்கெட்டும் தூரம். விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலி 2021-ல் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு அடுத்து பிச்சாவரம். இங்கே மட்டும் படகு தேவை. விடிந்ததும் முதல் படகில் ஏறினால்தான் அலையாத்திக் காட்டில் மீன்கொத்திகளையும் கொக்குகளையும் நிதானமாகப் பார்க்க முடியும். சென்னை முதல் புதுச்சேரி வரை வார இறுதியில் வேகக் கார்கள் மிரட்டும். ஆகவே திங்கட்கிழமை கிளம்புவது உத்தமம்.

சிதம்பரம் தாண்டியதும் பயணத்தின் சுபாவமே மாறிவிடும். சீர்காழியிலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் வரை சம்பா அறுவடை நடக்கிற காலம். தந்திக் கம்பியில் பனங்காடை, முள்வேலியில் பழுப்புக் கீச்சான், அறுத்த தாளுக்கு மேல் தாழப் பறந்து துழாவும் பூனைப்பருந்து. காரில் போகிறவர் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்குப் போகிறார். இவற்றில் ஒன்றும் அவர் கணக்கில் வராது. சைக்கிளுக்கு உள்ள மேன்மை இதுதான், இந்த வயல்வெளியில்தான் அது தெரியும். சாலையில் காயப்போட்ட நெல்லிலும் வைக்கோலிலும் சக்கரம் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே விவசாயிக்கும் மரியாதை, முழங்காலுக்கும் நல்லது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பதினொரு கிலோமீட்டர்போல இருக்கும். அகஸ்தியம்பள்ளியில், 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பெடுத்ததன் நினைவுத் தூண் நிற்கிறது. இன்றும் அந்தச் சாலையோரம் உப்பளங்கள்தான்: பாத்திகள், வரப்புகள், கீற்று வேய்ந்த உப்புக் குவியல்கள். பாத்தி ஓரத்து ஈரத்தில் தையல் ஊசிபோல விடாமல் குத்திக்கொண்டே ஓடும் சிறு பறவை கொசு உள்ளான். எடை முப்பது கிராம்கூட இருக்காது; வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியிலிருந்து வந்திருக்கிறது. அதன் பக்கத்தில் சிவந்த நீண்ட காலோடு நெடுங்கால் உள்ளான், தொலைவில் பூநாரைகள், தலைக்கு மேல் ஆலாக்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு வலசையை ஆராய்வதற்குப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்த இடம் இது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக 2002-ல் அறிவிக்கப்பட்டதும் இதுவே. உப்பளச் சாலையில் ஓட்டுவதும் பறவை பார்ப்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. வெளிமான்கள் மேயும் புல்வெளிக்கும் சதுப்பின் உட்பகுதிக்கும் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாதையின் எதிரி உப்புக் காற்று. மூன்றாம் நாளே சங்கிலி கரகரக்கத் தொடங்கும். தினமும் இரவில் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். திரும்பி வர நாகப்பட்டினத்தில் ரயில் உண்டு. சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்ய வேண்டும். எல்லா நிலையத்திலும் எல்லா ரயிலுக்கும் ஏற்ற மாட்டார்கள் என்பதால் முதல்நாளே விசாரிப்பது நல்லது.

அவ்வளவு நாள் விடுப்புக் கிடைக்காதவர்களுக்குத் தெற்கே ஒரு நல்ல மாற்று இருக்கிறது. திருநெல்வேலிக்கு ரயிலில் போய் இறங்கி, மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளத்துக்கு ஓட்டுவது. ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கூந்தன்குளத்தில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி வெடிப்பதை இந்த ஊர் விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் குளத்தில் இறங்கியிருக்கும். கூடு கட்டும் பருவம் கோடை வரை நீள்வதால், ஜனவரியில் வர முடியாதவர்கள் மார்ச்சில் வந்தாலும் ஏமாற மாட்டார்கள். அங்கிருந்து நாங்குநேரி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி வழியாகத் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கும், மணக்குடி கழிமுகத்துக்கும் போகலாம். மூன்று நாள் போதும். சீமைக்கருவேல முள்தான் தொல்லை. இரண்டு உபரி டியூப், பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு இல்லாமல் இந்தப் பக்கம் கிளம்பக் கூடாது.

சைக்கிளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நிலம் சமதளம். கியர் வைத்த ஹைபிரிட் வசதிதான், ஆனால் நன்றாகப் பராமரித்த சாதாரண சைக்கிளும் ஊர் போய்ச் சேரும். மெல்லிய டயர் கொண்ட பந்தய சைக்கிள் மட்டும் ஏரிக்கரை மண்ணுக்கு ஒத்துவராது. தொலைநோக்கியில் 10x42-ஐவிட 8x42 மேல். மிதித்து வந்த மூச்சிரைப்பு அடங்காத கையில் பத்து மடங்கு உருப்பெருக்கம் வைத்துப் பார்த்தால் நாரையும் சேர்ந்து ஆடும். முக்காலியோடு கூடிய பெரிய தொலைநோக்கி உப்பளத்துக்கும் பழவேற்காட்டுக்கும் உதவும். நான்கு பேர் போனால் ஒருவர் சுமக்கட்டும்.

ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வாய்ப்பு என்றால் கோடியக்கரைக்கே போக வேண்டும். ஒரு வார இறுதி மட்டும் இருந்தால் வேடந்தாங்கலும் கரிக்கிலியும். பூநாரை ஒன்றே போதும் என்பவருக்குச் சூலூர்பேட்டை. பறவையோடு ஊரையும் மனிதர்களையும் பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் கூந்தன்குளம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், கிளம்புவதற்கு முன் அந்த ஊர் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் வேடந்தாங்கலுக்குக்கூடப் பறவைகள் வருவதில்லை.