முதல் அனிமேஷன் எடுக்கப்போகும் பிள்ளைக்கு

1. முதல் படம் பத்து நொடியோடு நிற்கட்டும், கண்ணு. சினிமாவில் நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். அப்படியும் பத்து நொடிக்கு 120 படம் வேண்டும். பெரிய புராணக் கதையோடு என்னிடம் வந்த பிள்ளைகள் பலர் முதல் காட்சியைத் தாண்டவில்லை. பூனை திண்ணையில் ஏறிப் படுப்பதை மட்டும் எடுத்து முடித்த சிறுமி, அடுத்த விடுமுறைக்குள் இன்னொரு படத்தோடு வந்து நின்றாள். எடுத்ததை முடிக்கும் பழக்கம் முதலில் வரட்டும்.

2. துள்ளும் பந்தை வரை. சலிப்பாக இருந்தாலும் வரை. பந்து உச்சியில் தயங்கும். அங்கே படங்கள் நெருங்கியிருக்கும். தரையை நோக்கி வர வர இடைவெளி விரியும். எல்லா இடைவெளியும் சமமாக இருந்தால் பந்துக்குக் கனமே இராது, நூல் கட்டி இழுத்தது போல நகரும். என் ஆசிரியர் ஒரு மாலை முழுக்கப் பென்சிலைத் தொடவிடாமல், ரப்பர் பந்தைத் தரையில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் பார்க்கக் கற்றது அன்றைக்குத்தான்.

3. கருவி இல்லை என்று தள்ளிப்போடாதே. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் அட்டையைக் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கண்ணாடிமேல் வைத்து, அடியில் விளக்கேற்றி எடுத்த முழுநீளப் படம் 1926இல் வெளிவந்தது. உன்னிடம் கைபேசி இருக்கிறது. கணினி கிடைத்தால், கிரிட்டா, பிளெண்டர், பென்சில்2டி மென்பொருள்கள் எல்லாம் இலவசம்.

4. பொம்மையை நகர்த்தி நகர்த்திக் கைபேசியில் எடுக்கிறாயா? ஜன்னலைச் சாத்தி, ஒரே விளக்கில் எடு. வெயில் ஏறி இறங்கினால் படம் விட்டுவிட்டு மினுக்கும். போகஸையும் வெளிச்சத்தையும் மாறாமல் நிறுத்திவை. பொம்மையை நகர்த்திய விரல் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அழுத்து. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இந்த வேலையில் அவன் விரலும் படத்தில் விழுந்துவிடும்.

5. பாட்டி எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறாயா? முழங்காலில் கை ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து, ஒரு கணம் நின்று, அப்புறம்தான் எழுவாள். அந்தச் சாய்வை வரையாவிட்டால் அவள் எழுவதை யாரும் நம்பமாட்டார்கள். அதற்குப் பாட்டி பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவள் பேச்சைக் கேட்க வேண்டும். மனிதர்மேல் பிரியம் இல்லாமல் இந்தக் கலை வராது.

6. முடித்ததும் வீட்டில் ஒருவருக்குப் போட்டுக் காட்டு. விளக்கம் சொல்லாதே. திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார். கண் எங்கே விலகுகிறதோ, அந்த இடத்தை மட்டும் நாளைக்குத் திரும்ப வரை.